பாய்லரை முதலில் 50 டிகிரிக்குக் குறைத்துப் பாருங்கள்

கேள்வி: லண்டனில் மூன்று படுக்கையறை வீடு. காஸ் காம்பி பாய்லருக்கு (தொட்டியில்லாமல் வெந்நீரும் தருவது) 14 வயதாகிவிட்டது. வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுக்கும் ஹீட் பம்ப் வாங்கலாம் என்றால், "குளிரில் வீடு சூடேறாது, கரண்ட் பில் எகிறும், ஹைட்ரஜன் வரட்டும்" என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: ஹைட்ரஜனுக்காகக் காத்திருக்காதீர்கள். வீடுகளுக்குக் காஸுக்குப் பதில் ஹைட்ரஜன் கொடுத்துப் பார்க்க இங்கிலாந்தின் எல்ஸ்மியர் போர்ட்டில், விட்பி பகுதியில் திட்டமிட்ட சோதனை, ஊர்மக்கள் எதிர்ப்பால் 2023 ஜூலையில் கைவிடப்பட்டது. டிசம்பரில் ரெட்கார் சோதனையும் நின்றது. ஒரு யூனிட் மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி எரித்தால் சுமார் 0.6 யூனிட் வெப்பம்தான் மிஞ்சும். ஹீட் பம்ப் அதே யூனிட்டில் 3 யூனிட் தரும்.

குளிர் பயம் வேறு. நார்வேக் குளிரிலேயே ஹீட் பம்ப் சாதாரணமாக ஓடுகிறது. வீடு சூடேறாமல் போவது பெரும்பாலும் ரேடியேட்டர் போதாததால். பாய்லர் 65-70 டிகிரியில் தண்ணீர் அனுப்பும். பம்புக்கு 45-50 தான் சிக்கனம். 45 டிகிரியில் உங்கள் ரேடியேட்டர் தயாரிப்பாளர் அட்டவணையில் சொன்ன வாட்டில் மூன்றில் ஒரு பங்கே தரும்.

இதைக் காசு செலவில்லாமல் சோதிக்கலாம். ஜனவரிக் குளிரில் பாய்லரில் ரேடியேட்டர் படம் போட்ட திருகை மட்டும் 50-க்குக் குறையுங்கள். குழாய் படம் போட்டதைத் தொட வேண்டாம். ரேடியேட்டர் வால்வுகளை முழுக்கத் திறந்து, தெர்மோஸ்டாட்டை 20-இல் வைத்து, இரண்டு நாள் அணைக்காமல் விடுங்கள். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் என்று போட்டு அணைக்கும் பழக்கம் இங்கே உதவாது. எந்த அறை 20-ஐ எட்டவில்லையோ அங்கேதான் இரட்டைப் பலகை ரேடியேட்டர் வேண்டும். எல்லா அறையும் எட்டினால் பாதிக் கவலை தீர்ந்தது.

பில் பற்றிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மின்சார யூனிட் விலை காஸைப் போல ஏறத்தாழ 4 மடங்கு. பாய்லரில் வீணாவதையும் கணக்கிட்டால், பம்ப் ஆண்டுச் சராசரியாக 3.5 மடங்கு வெப்பம் தந்தால்தான் செலவு சமன். நல்ல அமைப்பு அதை எட்டும். தேவைக்கு மேல் பெரிய பம்ப் எட்டாது, அடிக்கடி நின்று நின்று ஓடித் திறன் இழக்கும். அடுப்பையும் இண்டக்‌ஷனுக்கு மாற்றி காஸ் இணைப்பைத் துண்டித்தால் அதன் தினசரி நிலைக் கட்டணம் மிச்சம்.

இங்கிலாந்து, வேல்ஸில் மானியம் 7,500 பவுண்ட். எம்சிஎஸ் (MCS, பொருத்துபவர்களுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு) சான்று பெற்ற நிறுவனமே விண்ணப்பித்து பில்லில் கழித்துவிடும். விலைப்புள்ளியோடு அறைவாரி வெப்ப இழப்புக் கணக்கையும் கேளுங்கள். ரேடியேட்டரை எண்ணிப் பார்த்துவிட்டு விலை சொல்பவரிடம் வாங்காதீர்கள். காம்பியில் இல்லாத வெந்நீர்த் தொட்டி, நால்வருக்குச் சுமார் 200 லிட்டர், எங்கே நிற்கும் என்று இப்போதே பாருங்கள். ரேடியேட்டருக்குப் போகும் குழாய் 8 அல்லது 10 மில்லிமீட்டர் என்றால் அதையும் மாற்றச் சொல்லலாம். அந்தச் செலவைத் தனியாக எழுதி வாங்குங்கள்.

உறைகுளிர்க் காலையில் வெளிப்பெட்டியின் விசிறி நின்று வெண்ணிற ஆவி கிளம்பும். பழுதல்ல, தன்மேல் படிந்த உறைபனியை உருக்குகிறது. அந்த நீர் நடைபாதையில் ஓடினால் உறைந்து வழுக்கும். பெட்டிக்கு அடியில் சரளைக் குழி போடச் சொல்லுங்கள்.