நிரப்பாத தாளையும் கொண்டுபோங்கள்

வாரம் ஒருமுறை மனநல தெரபிக்குப் போகிறீர்கள், அந்த அறையில் தெளிவாகத் தெரிந்ததெல்லாம் வீட்டுக்கு வந்ததும் கைகொடுப்பதில்லை, நடுவில் உள்ள நாட்களில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பதற்றத்துக்காகப் போன எனக்கும் முதல் இரண்டு மாதம் இதே கதைதான்.

மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தால் பேசியதில் பாதி நினைவில் இருக்காது. அதை உங்கள் அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள். பதற்றமும் மனச்சோர்வும் கவனத்தையும் நினைவாற்றலையும் பாதிக்கும். அதனால் சந்திப்பு முடிந்ததும், போனை எடுப்பதற்கு முன்பே, மூன்று வரி எழுதப் பழகினேன். தெரபிஸ்ட் சொன்னதை அப்படியே எழுதுவதில்லை. எனக்கு எது சுருக்கென்று பட்டதோ அதை மட்டும்.

எனக்குக் கிடைத்தது சிபிடி எனும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது நம் எண்ணங்களையும் நடத்தையையும் ஆராய்ந்து மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கியது. வீட்டுப்பாடம் அதில் சிகிச்சையின் ஒரு பகுதியே. ஒருநாள் மாலை மேலதிகாரியிடமிருந்து "நாளைக்குக் கொஞ்சம் பேசணும்" என்று செய்தி வந்தது. வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். கை நடுங்க நடுங்க வீட்டுப்பாடத் தாளில் எழுதினேன்: என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, பயம் நூற்றுக்கு எவ்வளவு, இந்த எண்ணத்துக்கு என்ன ஆதாரம், வேறு என்னவாக இருக்கலாம். தொடங்கும்போது 90 என்று போட்டிருந்தேன். முடிக்கும்போது 60. பயம் போய்விடவில்லை, ஆனால் அன்று தூங்க முடிந்தது.

எல்லா வாரமும் இப்படி நடக்கவில்லை. ஒருமுறை ஏழு நாள் தாளையும் சந்திப்புக்கு முந்தைய இரவு ஒரே மூச்சில் நிரப்பிக்கொண்டு போனேன். ஒரே பேனா, ஒரே கையெழுத்து. தெரபிஸ்ட் பார்த்ததுமே புரிந்துகொண்டார். திட்டவில்லை. "அடுத்த தடவை எழுதாம விட்ட தாளையும் கொண்டு வாங்க. எழுதப் போனப்போ என்ன தோணுச்சுன்னு மட்டும் ஒரு வரி போடுங்க" என்றார். அடுத்த வாரம் ஒரு வெற்றுத் தாளின் மூலையில் "இதைப் படித்தால் என்னை முட்டாள் என்று நினைப்பார்" என்று எழுதியிருந்தேன். மேலதிகாரி முன்னால் நிற்கும்போதெல்லாம் என்னை வாட்டும் அதே எண்ணம்! எனக்கு உண்மையான திருப்பம் அன்றுதான் வந்தது. எழுதிய தாள்களைவிட அந்த வெற்றுத் தாள்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

பயப்படும் இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பழகும் பயிற்சி என்றால், உங்கள் தெரபிஸ்டோடு சேர்ந்து போட்ட வரிசைப்படியே போங்கள். ஒரே நாளில் உச்சிப்படியில் கால் வைக்க வேண்டாம். அப்புறம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரையோ உதவி எண்ணையோ அழையுங்கள், கூடவே ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை போகும்போது முதல் ஐந்து நிமிடத்தை இந்தத் தாளுக்கு ஒதுக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். தாளைப் பற்றிப் பேசாமலே முடிந்த சந்திப்புகளுக்கு அப்புறம், அந்த வாரம் எனக்கு எழுதவே தோன்றியதில்லை.