வண்டி வாசல்: ஹாட்யாய் பிக்கப் மலிவா?

கேள்வி: பழக்கடைக்கு நான்கு கதவு பிக்கப் தேவை. தினமும் 500 கிலோ வரை ஏற்றிக்கொண்டு பினாங்குத் தீவுக்குப் போய்வர வேண்டும். புதியது வாங்கலாமா, சில வருடம் ஓடியதா? தாய்லாந்தின் ஹாட்யாயில் இருக்கும் மைத்துனர், அங்கே மலிவு, கொண்டுவந்து தருகிறேன் என்கிறார்.
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: ஹாட்யாய் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். அங்கும் வலப்பக்க ஸ்டீயரிங்தான் என்பதால் சுலபமாகத் தெரியும். ஆனால் மலேசிய எண் பலகை மாட்ட ஏபி எனும் இறக்குமதி அனுமதி வேண்டும், சுங்கம் முடிய வேண்டும், அதன் பிறகுதான் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவு. இன்னொன்று: டி-மேக்ஸ், ரேஞ்சர், டிரைட்டன் எனும் பிக்கப்கள் மூன்றுமே தாய்லாந்தில் தயாராகித்தான் நம் ஷோரூம்களுக்கு வருகின்றன. ஆசியான் ஒப்பந்தத்தால் இறக்குமதி வரி இல்லை; பிக்கப்புக்குக் கலால் வரியும் இல்லை. கார் விலையில் இரு நாட்டுக்கும் இடையே காணும் இடைவெளியை இதில் எதிர்பார்க்காதீர்கள். மலேசிய எண்ணோடு அடிமாட்டு விலைக்கு வரும் "தாய்லாந்து வண்டி" என்றால் இன்னும் கவனம் தேவை. நொறுங்கிப்போன வேறொரு வண்டியின் கிராண்டை (பதிவுச் சான்றை) வைத்துக்கொண்டு, சேசிஸ் (அடிச்சட்ட) எண்ணை வெட்டி ஒட்டியிருப்பார்கள். பிடிபட்டால் வண்டியும் போகும், பணமும் போகும். சிங்கப்பூரில் சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமம்) முடிந்த வண்டி என்று யாராவது வந்தாலும் இதே பதில்தான்.

இனி உள்ளூர்க் கணக்கு. ஓர் உதாரணம்: புதிய வண்டிக்கு 90,000 ரிங்கிட் கடன், 3 விழுக்காடு நிலையான வட்டி (ஆண்டுதோறும் முழுக் கடன் தொகைக்கும் கணக்கிடுவது), 7 ஆண்டு என்றால் மாதம் சுமார் 1,296 ரிங்கிட்; வட்டி மட்டும் 18,900. பழையதற்கு 45,000 கடன், 4.5 விழுக்காடு, 5 ஆண்டு என்றால் மாதம் 919. மிஞ்சும் 377-இல் 200-ஐப் பழுதுபார்க்க ஒதுக்கினாலும் உங்களுக்கு லாபம். 500 கிலோ பழத்துக்குப் பழைய வண்டி தாராளம், அடிப்பாகம் நன்றாக இருந்தால்.

எங்கள் தேர்வு 2016-க்குப் பிந்தைய டொயோட்டா ஹைலக்ஸ் 2.4 லிட்டர், அதில் டைமிங் செயின். முந்தைய 2.5, 3.0 இன்ஜின்களில் டைமிங் பெல்ட்; அதை அவ்வப்போது மாற்ற வேண்டும். மாற்றிய ரசீது இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். 3.0-இல் பெரிய ஆபத்து வேறு. இன்ஜெக்டர் அடியிலுள்ள செம்பு வாஷர் கசிந்தால் எரிபுகை இன்ஜின் ஆயிலில் கலக்கும். அதிலிருந்து சேரும் கரி ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். பிரஷர் விழுந்து பேரிங் தேய்ந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேட்கும் டக்டக் சத்தம் இதற்கு முன்னறிவிப்பு.

தொட்டியில் விரித்திருக்கும் பிளாஸ்டிக் லைனரைத் தூக்கச் சொல்லுங்கள். மீன் ஏற்றிய வண்டியானால் உப்புத் தண்ணீர் அடியில் தேங்கித் தகட்டைத் தின்றிருக்கும். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் வளைவில்லாமல் தட்டையாகிவிட்டிருந்தால் பல காலம் அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறார்கள். அப்போது கேபினுக்குப் பின்னால் சேசிஸில் விரிசலோ புது வெல்டிங்கோ உண்டா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடி முனையில் சேற்றுக்கறை இருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2017-இல் பினாங்கும் 2021-இல் ஷா ஆலமும் மூழ்கியதை நினைவில் வையுங்கள்.

தீபகற்பத்தில் டீசல் 2024 ஜூன் 10 அன்று லிட்டர் 2.15-இலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. அதனால் நகரத்துக்குள் ஓட 2.4 இன்ஜின் போதும், 2.8 வேண்டாம்.

கேள்வி: புஸ்பகோம் (வண்டிச் சோதனை நிறுவனம்) பாஸ் ஆன வண்டி என்கிறார் டீலர். போதாதா?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: போதாது. பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை முக்கியமாகச் சேசிஸ், இன்ஜின் எண்கள் கிராண்டோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது. இன்ஜின் உள்ளே தேய்ந்ததை அது சொல்லாது. உங்கள் ஃபோர்மேனை (மெக்கானிக்கை) அழைத்துப் போங்கள். போய் இறங்கியதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் ஸ்டார்ட் செய்யும்போது தெரியும் குறை மறைந்துவிடும்; இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, ஆயில் மூடியைத் திறந்ததும் புகை பலமாகக் குப்குப்பென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. நான்கு சக்கர இயக்கத்தைப் புல்தரையில் சோதியுங்கள். தார்ச்சாலையில் அதைப் போட்டுத் திருப்பினால் கியர்பெட்டி இறுகி, நல்ல வண்டியும் கெட்டுவிடும்.