அம்மா அறையை விட்டே வருவதில்லை என்று கேட்டவருக்கு

வணக்கம். புதுச்சேரியில் முதியோர் குடியிருப்புக்கு வந்து இரண்டு மாதமாகியும் அம்மா சாப்பாட்டுக்கூடத்துக்குக்கூடப் போவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் காது நன்றாகக் கேட்கிறதா என்று பாருங்கள். என் மாமியாரும் இப்படித்தான் ஒதுங்கியே இருந்தார். நாலு பேர் சேர்ந்து பேசினால் அவருக்கு எதுவும் விளங்கவில்லை என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. கருவி வைத்த பிறகும் பழகச் சில வாரங்கள் பிடித்தன.

அப்புறம், அங்கே அவருக்கென்று ஒரு வேலை கொடுக்கச் சொல்லுங்கள். பூ கட்டுவது, கீரை ஆய்வது, எதுவானாலும் சரி. விருந்தாளி போல உட்கார வைத்தால் மனம் ஒட்டாது. நீங்கள் போகும்போது மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலைக்கு அழைத்துப் போங்கள். வண்டிகளை விடமாட்டார்கள், பயமில்லாமல் நடக்கலாம்.

பசியும் தூக்கமும் குறைந்திருந்தால் மருத்துவரிடம் காட்டத் தள்ளிப்போடாதீர்கள். முதியோர் உதவி எண் 14567, கட்டணம் இல்லை.