படுத்திருப்பவரைப் பாருங்கள்

வாசகர் கேள்விகளுக்கு, முதியோர் வார்டில் தலைமைச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் மூத்த சிஸ்டர் பதில் எழுதுகிறார்.

கேள்வி: சிஸ்டர், என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. பேச்சும் தெளிவாக வருவதில்லை. இரவும் பகலும் உடனிருந்து பார்க்க எங்களால் முடியாத நிலை. பராமரிப்பு இல்லங்கள் மூன்றைப் பார்த்தோம். எல்லாமே சுத்தமாக இருக்கின்றன, எல்லா மேலாளர்களும் அன்பாகப் பேசுகிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?

மகளே, உங்கள் அம்மாவைக் குளிப்பாட்டப் போவது மேலாளர் அல்ல. அதனால் அவருடைய பேச்சைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஓர் இல்லத்துக்குள் நுழைந்தால் நான் முதலில் தேடுவது அங்கே எல்லோரிலும் இயலாமல் படுத்திருப்பவரைத்தான். நடமாடுகிறவர்கள் வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள், கிடைக்காவிட்டால் சண்டை போடுவார்கள். வாய்விட்டுக் கேட்க முடியாதவரை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் அம்மாவின் இடம் அதுதான்.

அவருடைய குடும்பத்தினர் அருகில் இருந்தால் அனுமதி கேட்டுப் பக்கத்தில் போங்கள். உதடு வெடித்திருக்கிறதா, நாக்கு வறண்டு வெள்ளை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாதம் வந்தவரின் கை நாளடைவில் இறுகி மடங்கிக்கொள்ளும். அந்த மூடிய உள்ளங்கையை மெதுவாக விரித்துத் துடைத்து உலர்த்துவதற்குப் பொறுமை வேண்டும். யாரும் செய்யாத இடத்தில் அந்தக் கைக்குள் அழுக்கும் வாடையும் இருக்கும், நகம் தோலில் பதிந்திருக்கும். ஓர் இல்லத்தைப் பற்றி எனக்கு அதிகம் சொல்வது இந்த உள்ளங்கைதான்.

பிறகு தண்ணீரும் அழைப்பு மணியும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். வலக்கை வராதவருக்கு வலப்பக்கத்தில் மணியை மாட்டி வைத்தால் அது இருந்தும் பயனில்லை. அவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். பலமிழந்த தோள்மூட்டு எளிதில் நழுவிவிடும், பயிற்சி பெற்றவர்கள் அந்தக் கையை ஒருபோதும் பிடித்து இழுக்க மாட்டார்கள்.

படுக்கைப்புண் பற்றி நேரடியாகக் கேளுங்கள். அசையாமல் கிடப்பவருக்கு முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே தோல் நசுங்கி ரத்த ஓட்டம் நின்றுபோகிறது. சில மணி நேரத்திலேயே திசு சேதமாகத் தொடங்கிவிடும். விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்புதான் முதல் அறிகுறி, கவனிக்காமல் விட்டால் எலும்புவரை போகும். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று செவிலியர்களுக்குச் சொல்லித் தருகிறோம். "இப்போது இங்கே எத்தனை பேருக்குப் படுக்கைப்புண் இருக்கிறது? அதில் இங்கு வந்த பிறகு ஏற்பட்டது எத்தனை?" என்று கேளுங்கள். "எங்களிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை" என்பவரைவிட, "இரண்டு பேருக்கு இருக்கிறது, ஒருவர் மருத்துவமனையிலிருந்தே அப்படித்தான் வந்தார், இப்படி மருந்து கட்டுகிறோம், அளவைக் குறித்து வைக்கிறோம்" என்று சொல்பவரை நான் நம்புவேன். புரட்டிய நேரத்தைக் குறிக்கும் தாளையும் காட்டச் சொல்லுங்கள். காலையிலிருந்து மாலைவரை ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருந்தால் அது வேலை செய்ததன் பதிவாக இருக்காது.

இரண்டாவது முறை போகும்போது முன்கூட்டிச் சொல்லாமல், சாப்பாட்டு நேரத்தில் போங்கள். பக்கவாதத்தில் விழுங்கும் தசையும் பாதிக்கப்படலாம். அப்படிப்பட்டவருக்கு உணவோ எச்சிலோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரும், அது உயிரைக் குடிக்கும். ஊட்டுகிறவர் நின்றபடி அவசரமாகத் திணிக்கிறாரா, எதிரில் உட்கார்ந்து ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்த வாய் தருகிறாரா? சாப்பிட்டு முடித்ததும் உடனே படுக்க வைத்துவிடுகிறார்களா, அரைமணி நேரமாவது நிமிர்த்தி வைக்கிறார்களா? சாப்பிட்ட பின் வாயைச் சுத்தம் செய்கிறார்களா என்பதையும் விடாதீர்கள். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், உணவுக்குப் பின் வாய்ச் சுத்தம் செய்யப்பட்டவர்களுக்கு நிமோனியா குறைவாக வந்தது. ஒரு பல்துலக்கியும் ஐந்து நிமிடமும் போதும். அதற்குக்கூட ஆள் ஒதுக்காத இல்லத்தில் வேறெதை எதிர்பார்ப்பது?

ஆள் என்றதும் கணக்குக்கு வருகிறேன். அமெரிக்க அரசுக்காக நடத்தப்பட்ட 2001-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, நீண்டகாலம் தங்கும் ஒருவருக்கு ஒரு நாளில் மொத்தம் 4.1 மணி நேரப் பராமரிப்புக்குக் குறைந்தால் தரம் கெடுகிறது என்று கண்டது. அதில் 2.8 மணி நேரம் உதவியாளர்களுடையது, மீதி செவிலியர்களுடையது. 30 பேர் இருக்கும் இல்லத்தில் உதவியாளர்களுக்கு மட்டும் 84 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்ட் என்றால் ஒரு நாளைக்குப் பத்துப் பதினோரு பேர் வேண்டும். நீங்கள் பார்த்த இடங்களில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். "மொத்தம் எத்தனை ஊழியர்கள்?" என்று கேட்டால் சமையல்காரர், காவலாளி எல்லோரும் அதில் வந்துவிடுவார்கள். "நேற்று இரவு இரண்டு மணிக்கு இந்த மாடியில் எத்தனை பேர் விழித்திருந்தார்கள்? அவர்களில் செவிலியர் உண்டா?" என்று கேளுங்கள்.

ஓர் உதவியாளரிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசுங்கள். எவ்வளவு காலமாக இருக்கிறார், நீங்கள் பார்த்த அந்தப் படுத்திருப்பவருக்கு எது பிடிக்கும் என்று கேளுங்கள். பெயரையும் பழக்கத்தையும் உடனே சொன்னால் நல்லது. எல்லோரும் சென்ற மாதம் சேர்ந்தவர்களாக இருந்தால், ஏன் யாரும் நிலைப்பதில்லை என்று மேலாளரிடம் கேட்க வேண்டியிருக்கும். சுத்தம் பற்றிச் சொன்னீர்கள். ஒரு மூலையில் ஒருவேளை சிறுநீர் வாடை வருவது பெரிய குற்றமில்லை, யாரோ இப்போதுதான் நனைத்திருக்கலாம். கட்டடம் முழுக்க எந்நேரமும் வாசனைத் திரவம் தூக்கலாக அடித்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

கேள்வி: இணையத்தில் நட்சத்திர மதிப்பெண் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா?

விலக்குவதற்குப் பயன்படுத்துங்கள், தேர்ந்தெடுப்பதற்கு வேண்டாம். அமெரிக்காவில் அரசே 2008 முதல் இல்லங்களுக்கு ஐந்து நட்சத்திர மதிப்பீடு தருகிறது. ஆரம்பத்தில் ஊழியர் எண்ணிக்கையை இல்லங்களே சொல்லும், அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 2016-இல் சம்பளப் பதிவேட்டிலிருந்து விவரம் தர வேண்டும் என்று மாற்ற வேண்டியதாயிற்று. அரசின் மதிப்பீட்டுக்கே அந்த நிலை என்றால், யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய இணைய மதிப்பெண்ணை எவ்வளவு நம்புவது? உங்கள் பகுதியில் அரசு ஆய்வறிக்கை கிடைக்குமானால் நட்சத்திரத்தை விட்டுவிட்டு அறிக்கையைப் படியுங்கள். ஒரே குறை அடுத்தடுத்த ஆய்வுகளிலும் எழுதப்பட்டிருந்தால் அந்த இல்லத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி: மறதிநோய் உள்ள என் அப்பா இரவில் எழுந்து நடக்கிறார். விழுந்துவிடுவார் என்று சொல்லி, கட்டிலோடு கட்டி வைக்கவும் தூங்க மருந்து கொடுக்கவும் இல்லத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

போடாதீர்கள் தம்பி. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

கட்டி வைத்தால் விழமாட்டார் என்பது தவறான நம்பிக்கை. கட்டை அவிழ்க்கப் போராடி, கட்டில் கம்பிக்கு மேலே ஏறி, இன்னும் உயரத்திலிருந்து விழுகிறார்கள். கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவே சிக்கி உயிர் போனவர்களும் உண்டு. சில வாரம் கட்டிக் கிடந்தால் காலில் வலு போய், நடக்கத் தெரிந்தவர் நடக்க முடியாதவராகிறார். ஊழியர்களின் வசதிக்காகவோ தண்டனையாகவோ யாரையும் கட்டக்கூடாது என்று அமெரிக்கா 1987-லேயே சட்டம் செய்தது.

மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். தூக்க மருந்து என்ற பெயரில் மனநோய்க்கான மருந்து கொடுக்கப்படுவது உண்டு. அந்த வகை மருந்துகளில் புதியவை மறதிநோய் உள்ள முதியவர்களின் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005-இல் எச்சரித்தது. 2008-இல் பழையவற்றுக்கும் அந்த எச்சரிக்கையை நீட்டித்தது. தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் அளவுக்குக் கலக்கம் இருந்தால், வேறு வழியில்லாதபோது மருத்துவர் குறைந்த அளவில் கொடுக்கலாம். அப்போதும் எதற்காக, எவ்வளவு, எந்தத் தேதியில் நிறுத்திப் பார்ப்பது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

அவர் ஏன் எழுகிறார் என்று யாராவது கேட்டார்களா? சிறுநீர் முட்டுகிறதா, மலச்சிக்கலா, மூட்டு வலியா, பசியா? சிறுநீர்த் தொற்று இருந்தால் திடீரென்று கலக்கம் கூடும். பகலெல்லாம் நாற்காலியில் தூங்க விட்டால் இரவில் தூக்கம் எங்கிருந்து வரும்? இளமையில் இரவு வேலை பார்த்தவராக இருந்தால் அதைச் சொல்லுங்கள், அது முக்கியமான தகவல். தாழ்வான கட்டில், கழிப்பறைவரை மங்கலான வெளிச்சம், படுக்கும் முன்பும் நடு இரவிலும் கழிப்பறைக்கு அழைத்துப் போவது, மாலையில் நடை, எழுந்தால் ஒலிக்கும் மணி ஆகியவற்றைக் கேளுங்கள். "இதற்கெல்லாம் ஆள் இல்லை" என்று சொன்னால், மறதிநோய் உள்ளவரைச் சேர்த்துக்கொள்ளும் தகுதி அந்த இல்லத்துக்கு இல்லை. வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

மாதக் கட்டணத்தில் எது அடங்காது என்பதை. டயப்பர், மருந்து, தனி உதவியாளர், மருத்துவமனைக்குத் துணை போவது எல்லாம் தனியாக வரலாம். மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் படுக்கை காத்திருக்குமா, அந்த நாட்களுக்கும் பணம் உண்டா என்று கேளுங்கள். நிலைமை மோசமானால் வெளியே அனுப்பும் உரிமையை எந்த வார்த்தைகளில் எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். பார்வை நேரத்தை மிகவும் குறுக்கியிருந்தால் காரணம் கேளுங்கள். அங்கேயே கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள்.

கேள்வி: அம்மாவை இல்லத்தில் சேர்த்தபோது எடை 50 கிலோ. ஒரு மாதத்தில் 47 ஆகிவிட்டது. "வயதானால் அப்படித்தான்" என்கிறார்கள். என் பயம் தேவையில்லாததா?

உங்கள் பயம் சரியானது. ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ எடை குறைந்தால் அதைக் கவலைக்குரியதாக எடுத்துக் காரணம் தேட வேண்டும் என்பது முதியோர் பராமரிப்பில் ஏற்கப்பட்ட அளவு. உங்கள் அம்மாவுக்கு 6 சதவீதம் குறைந்திருக்கிறது. வயது மட்டும் ஒரு மாதத்தில் மூன்று கிலோவைக் கரைக்காது.

முதலில் எடை எடுத்த தேதிகளைப் பாருங்கள், ஒரே தராசா என்றும் கேளுங்கள். பிறகு ஒரு சாப்பாட்டு வேளை முழுவதும் அவருடன் உட்காருங்கள். பல்செட் தளர்ந்து வலிக்கலாம். விழுங்கும்போது இருமலாம். புதிதாகத் தொடங்கிய மருந்து பசியைக் கொன்றிருக்கலாம். பழகிய முகங்களை விட்டு வந்த துயரத்தில் சாப்பாடு இறங்காமல் இருக்கலாம், அதற்கும் சிகிச்சை உண்டு. நான் அடிக்கடி கண்ட காரணம் இவற்றைவிட எளியது. தட்டைக் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டுப் போவார்கள், அரைமணி கழித்து வந்து "சாப்பிடவில்லை" என்று எடுத்துப் போவார்கள்.

பார்த்ததைத் தேதி போட்டு எழுதி, பொறுப்புச் செவிலியரிடம் கொடுத்து, ஒரு பிரதியில் அவருடைய கையெழுத்து வாங்குங்கள். குரலை உயர்த்த வேண்டாம், அங்கே அம்மா இரவும் இருக்க வேண்டுமல்லவா. மருத்துவர் பார்ப்பதற்கு ஒரு தேதியும், வாரந்தோறும் எடை எடுப்பதற்கு ஒரு கிழமையும் கேட்டு வாங்குங்கள். அந்தத் தேதி தவறினாலோ அடுத்த எடை இன்னும் இறங்கினாலோ, அவர்களுடைய பதிலுக்குக் காத்திராமல் நீங்களே அம்மாவை வெளி மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போகும்போது அவர் சாப்பிடும் மருந்துகள் அனைத்தின் பட்டியலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.