வாங்கிய பொருள் பழுதானால் யாரைக் கேட்பது? ஜெர்மனியிலிருந்து ஒரு வாசகியின் கேள்வி

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்க்கிறேன். இங்குள்ள ஒரு கடையில் பத்தரை மாதங்களுக்கு முன் வாங்கிய வாஷிங் மெஷின், துவைத்து முடித்த பிறகு தண்ணீரை வெளியேற்றாமல் நின்றுவிடுகிறது. கடையில் போய்ச் சொன்னால், ‘தயாரித்த நிறுவனத்தைக் கேளுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள். அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தால் நாற்பது நிமிடம் காத்திருக்க வைத்துவிட்டு, நான் பேசும் ஜெர்மன் புரியவில்லை என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். வெளிநாட்டுக்காரி என்பதால்தான் இப்படி நடத்துகிறார்களா? நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு வருத்தங்கள் பின்னிக் கிடக்கின்றன, அவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் வழி தெரியும். முதலாவது, கடையில் பேசிய விதம். திருநெல்வேலி டவுனில் ரத வீதிக் கடை ஒன்றில் மிக்ஸி வாங்கினால், கடைக்கார அண்ணாச்சி அதைப் பிளக்கில் மாட்டி ஓட்டிக் காட்டி, வாரண்டி அட்டையில் தேதி எழுதி முத்திரை வைத்துத் தருவார். ஆறு மாதம் கழித்துப் பழுதென்று தூக்கிக்கொண்டு போனால், ‘கொண்டாம்மா, பாப்போம்’ என்ற சொல்லாவது கிடைக்கும். அப்படிப் பழகியவர்களுக்கு ஜெர்மானியக் கடைகளின் சுருக்கமான பேச்சு முகத்தில் அறைவதுபோல இருக்கும். நான் அந்நாட்டில் இரண்டு ஆண்டுகள் இருந்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அங்கே பிறந்து வளர்ந்தவர்களிடமும் அவர்கள் அதே அளவுதான் பேசுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு அந்த வருத்தத்தை நான் விட்டுவிட்டேன். போனை வைத்தவர் செய்தது மரியாதைக் குறைவுதான்; அதை நியாயப்படுத்த நான் வரவில்லை.

இரண்டாவது வருத்தத்தை நீங்கள் விடக்கூடாது. ‘தயாரித்தவரிடம் போ’ என்று கடைக்காரர் சொன்னது சட்டப்படி தவறு. ஜெர்மனியில் ‘கரன்ட்டி’ என்பது தயாரிப்பாளர் தாமாக முன்வந்து தரும் உறுதி. அதன் நிபந்தனைகள் அவர் வைத்ததே. ‘கெவேர்லைஸ்டுங்’ என்பது விற்றவர் மீது சட்டம் சுமத்தும் பொறுப்பு. புதுப் பொருளுக்கு அது, பொருள் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் நீடிக்கும். அதைவிட உங்களுக்கு முக்கியமானது வேறொன்று: 2022 ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு வாங்கிய பொருளில் முதல் ஓராண்டுக்குள் குறை தெரியவந்தால், அது விற்கும்போதே இருந்த குறை என்று சட்டம் கருதிக்கொள்கிறது. இல்லை, நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்றால், அதை நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரர். ஓராண்டு கடந்த பின் தெரியும் குறைக்கு நிரூபிக்கும் சுமை உங்கள் பக்கம் மாறிவிடும். நீங்கள் பதினொன்றாவது மாதத்தில் இருக்கிறீர்கள். ஆகவே இந்த வாரமே எழுதுங்கள்.

எழுதுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். மெஷினின் முன்பக்கம் கீழ்மூலையில் சிறிய மூடி ஒன்று இருக்கும். மின் இணைப்பை எடுத்துவிட்டு, அடியில் ஒரு தட்டை வைத்து, அந்த மூடிக்குப் பின்னால் உள்ள வடிகட்டியைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். சில்லறைக் காசு, ஹேர்பின், சீருடைப் பையில் மறந்துபோன பேனா மூடி என்று ஏதாவது அடைத்திருந்தாலும் தண்ணீர் வெளியேறாது. அது பொருளின் குறையல்ல. அதற்காகக் கடைக்காரரை வரவழைத்தால் செலவை உங்களிடமே கேட்க இடமுண்டு. வடிகட்டி சுத்தமாக இருந்தும் தண்ணீர் நிற்கிறது என்றால், அதைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு விற்ற கடைக்குக் கடிதம். வாங்கிய தேதி, ரசீது எண், குறை என்ன, அது எந்த நாளில் தெரிந்தது ஆகியவற்றை எழுதி, கெவேர்லைஸ்டுங் உரிமைப்படி பழுதுபார்த்துத் தர வேண்டும் என்று கேட்டு, பதினான்கு நாள் கெடுவைத் தேதியோடு குறிப்பிடுங்கள். பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா என்று தேர்ந்தெடுப்பது முதலில் வாங்கியவரின் உரிமை. நீங்கள் கேட்பதற்கு அளவுக்கு மீறிய செலவாகும் என்றால் மட்டும் கடைக்காரர் மறுக்கலாம். மெஷினை எடுத்துச் செல்லும் செலவும் அவருடையதே. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் வந்ததற்கு அங்கே இருக்கும் மதிப்பு, கடை வாசலில் நின்று எவ்வளவு பேசினாலும் கிடைக்காது. உங்கள் ஜெர்மனைப் பற்றிய கூச்சமும் கடிதத்தில் வேண்டியதில்லை. உடன் வேலை செய்பவர் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளலாம்.

ரசீது மங்கிப் போயிருந்தாலும் கவலைப்படாதீர்கள். அந்தத் தாளில் எழுத்து சில மாதங்களிலேயே வெளிறிப் போவது வழக்கம். கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கிக் கணக்கு அறிக்கையையும் சான்றாகக் காட்டலாம்.

கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால், ‘ஃபெர்பிராவ்கர்சென்ட்ராலே’ என்னும் நுகர்வோர் ஆலோசனை மையத்தை அணுகுங்கள். 16 மாநிலங்களிலும் இது உண்டு. சிறு கட்டணத்தில் உங்கள் கடிதங்களைப் பார்த்து அடுத்த படியைச் சொல்வார்கள். பழுது சரியாகாதபோது விலையில் ஒரு பகுதியையோ, மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தையோ கேட்கும் உரிமையும் சட்டத்தில் இருக்கிறது.

கேள்வி: ஜெர்மனியில் படிக்கும் என் மகன் கடையில் வாங்கிய குளிர்ச்சட்டை அளவு சரியில்லை. கடைக்காரர் பணம் தர மறுக்கிறார். முன்பு ஆன்லைனில் வாங்கியதைத் தயங்காமல் திருப்பி எடுத்தார்களே? (கடையநல்லூர் வாசகர்)

பதில்: ஆன்லைனில் வாங்கியதைக் காரணம் சொல்லாமல், கைக்கு வந்த 14 நாட்களுக்குள் ரத்து செய்யலாம் என்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். நேரில் பார்த்து வாங்கிய குறையில்லாப் பொருளுக்கு அந்த உரிமை கிடையாது; கடை தன் விருப்பத்தால் ஒப்புக்கொண்டால்தான் உண்டு. ரசீதிலோ பணம் கட்டும் இடத்திலோ மாற்றும் விதி எழுதியிருக்கிறதா என்று உங்கள் மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். எழுதியிருந்தால் கடை அதற்குக் கட்டுப்பட்டது. இல்லையென்றால், வேறு அளவு தர முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதே மிஞ்சியிருக்கும் வழி. விலைச்சீட்டைக் கிழிக்காமல் வைத்திருந்தால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.