மரத் தூலம், கான்கிரீட் பலகை: எஸ்டேட் ஓடைப் பாலத்துக்கு இந்தக் கூட்டு சரிவருமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் நடுவே ஓர் ஓடை. 6 மீட்டர் அகலம். மரக்கட்டைகள் போட்ட பழைய பாலம் சில வருஷத்துக்கு ஒருமுறை உளுத்துப் போகிறது. ரெடிமிக்ஸ் லாரி உள்ளே வர வழியில்லை. கீழே மரத் தூலம், மேலே வேறிடத்தில் வார்த்துக் கொண்டுவரும் கான்கிரீட் பலகைகள் என்று கட்டலாமா? இலை ஏற்றும் பிக்கப்பும் டிராக்டரும் போகவேண்டும்.

பதில்: கட்டலாம். இது புதிய யோசனையும் இல்லை. அமெரிக்காவில் 1930களிலிருந்தே மரமும் கான்கிரீட்டும் சேர்ந்த சாலைப் பாலங்கள் உண்டு. பின்லாந்தின் மான்டுஹார்யு ஊரில் 1999இல் திறந்த விஹன்டசால்மி பாலம் 182 மீட்டர் நீளம். நெடுஞ்சாலை வண்டிகள் போகும் அந்தப் பாலத்தின் தளமே மரம்–கான்கிரீட் கூட்டுதான். உங்கள் 6 மீட்டருக்கு அவ்வளவு தூரம் போகவேண்டாம், ஆனால் அடிப்படை ஒன்றுதான்: வண்டி ஏறும்போது பாலத்தின் மேல்பக்கம் அமுங்கும், கீழ்பக்கம் இழுபடும். அமுக்கத்துக்குக் கான்கிரீட் கெட்டி, இழுப்புக்கு மரம் கெட்டி.

பலகையைத் தூலத்தின் மேல் வெறுமனே தூக்கி வைத்தால் மட்டும் இந்தக் கூட்டு வேலை செய்யாது. வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு மர ஸ்கேல்களை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புத்தகங்களுக்கு நடுவே வைத்து நடுவில் அழுத்துங்கள். முனைகளில் ஒன்று மற்றொன்றின் மேல் வழுக்கும். அதே இரண்டையும் ஃபெவிகால் போட்டு ஒட்டிக் காயவைத்து அழுத்தினால் விறைப்பு நாலு மடங்கு. அந்த வழுக்கலை நிறுத்துவதற்குத்தான் செலவு செய்யவேண்டும். கான்கிரீட்டைக் கெட்டியாக்குவதில் இல்லை.

நிறுத்த நல்ல வழி தூலத்தில் காடி, அதாவது பள்ளம், வெட்டுவது. தூலத்தின் மேல்முகத்தில் குறுக்காக ஒன்றரை அங்குல ஆழம், தூலத்தின் நீளவாக்கில் ஆறிலிருந்து எட்டு அங்குலம் வரும்படி காடி. அதன் நடுவில் ஒரு தடித்த கோச் ஸ்க்ரூ (மரத்தில் இறுகும் பெரிய திருகு), தலை வெளியே நீட்டியபடி. வழுக்கும் விசையைக் காடி தாங்கும். பலகை மேலே எழும்பாமல் ஸ்க்ரூ பிடிக்கும். வழுக்கும் விசை நடுவில் குறைவு, தாங்கிகளின் அருகே அதிகம். அதனால் காடிகளை இரு முனைகள் பக்கம் நெருக்கமாகவும் நடுவில் விட்டுவிட்டும் போடவேண்டும். ஆசாரிகள் அழகுக்காகச் சம இடைவெளியில் வெட்டிவிடுவார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகை முன்பே வார்த்து வருவதால், ஒவ்வொரு காடிக்கும் நேர் மேலே பலகையில் ஓட்டை விட்டு வார்க்கவேண்டும். ஓட்டை கீழே குறுகி மேலே அகன்று இருக்கட்டும். பலகை உட்கார்ந்தபின் அந்த ஓட்டை வழியாக ஸ்க்ரூவை இறக்கி, சுருங்காத கிரௌட்டை (இடுக்கை நிரப்பும் இளகிய சிமெண்ட் கலவை) ஊற்றினால் காடி, ஸ்க்ரூ, பலகை மூன்றும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். மேலே அகன்ற கிரௌட் கட்டி பலகையைக் கீழே அமுக்கிப் பிடிக்கும்.

அடுத்ததுதான் பலரும் கோட்டை விடும் இடம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சும்மா விட்டுவிட்டு, மேலே தார் பூசி முடித்துவிடுவார்கள். கான்கிரீட்டில் அமுக்கம் ஓடவேண்டியது பாலத்தின் நீளவாக்கில். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு விரல்கடை காலி இருந்தால் அமுக்கம் அதைத் தாண்டாது; சுமை முழுக்க மறுபடி தூலத்தின் தலையில்தான் விழும். காடி, ஸ்க்ரூ, கிரௌட் எல்லாம் வீண். பலகைகளுக்கு நடுவே 4 சென்டிமீட்டர் விட்டு, பக்க முகங்களில் ஒரு குழிவும் வைத்து, அடிவரை கிரௌட் நிரம்புமாறு ஊற்றுங்கள். ஒரு சக்கரம் ஒரு பலகையின் ஓரத்தில் ஏறும்போது பக்கத்துப் பலகையும் சேர்ந்து தாங்க அந்தக் குழிவு உதவும். ஓடை நடுவில் தூண் வைத்துத் தூலத்தை அதன்மேல் தொடர்ச்சியாக ஓட்டவேண்டாம். தூணுக்கு மேலே கான்கிரீட் இழுபடும், இணைப்பு வாய் பிளக்கும்.

பலகை அளவைத் தீர்மானிப்பது வண்டியும் ஜேசிபியும்தான். 3.6 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால் 1.2 மீட்டர் நீளப் பலகை 1,600 கிலோ தாண்டும். 60 சென்டிமீட்டர் பலகை சுமார் 800 கிலோ. பத்துப் பலகையில் பாலம் முடியும். இணைப்புகள் கூடும், ஆனால் உங்கள் பாதைக்கு இதுதான் நடைமுறை. வார்த்து இரண்டு மாதம் கிடக்கவிட்டு எடுத்தால் இன்னும் நல்லது. கான்கிரீட்டின் சுருக்கத்தில் பெரும்பங்கு பூட்டுவதற்கு முன்பே முடிந்துவிடும். பூட்டியபின் சுருங்கித் தூலத்தைக் கீழ்நோக்கி வளைப்பது குறையும். பலகைகளை ஏற்றுமுன் தூலங்களின் நடுவே முட்டுக் கொடுங்கள். கிரௌட் இறுகியபின் முட்டுகளை எடுத்தால், பலகையின் எடையையும் மரமும் கான்கிரீட்டும் கூட்டாகத் தாங்கும். முட்டு இல்லாவிட்டால் அந்த எடை முழுக்க மரத்துக்குத்தான்.

இனி தண்ணீர். உங்கள் பழைய பாலத்தைக் கொன்றதும் அதுதான். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. இதற்குக் கான்கிரீட் பலகை கூரையாக உதவும். ஓரத் தூலத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் நன்றாக நீட்டிக்கொள்ளட்டும், பலகையின் அடி ஓரத்தில் தண்ணீர் உள்ளே ஓடாமல் அங்கேயே சொட்டிவிட ஒரு காடியும் வேண்டும். பலகைக்கும் தூலத்துக்கும் நடுவே தார் ஃபெல்ட் (தார் தோய்த்த விரிப்பு) போடலாம். பிடிப்பு காடியில் இருப்பதால் நஷ்டமில்லை. தூலத்தின் முனை கரைச்சுவரில் புதையக் கூடாது. ரப்பர் பேடின் மேல் உட்கார்ந்து, முனைக்குப் பின்னால் காற்றோட இடம் வேண்டும். உளுப்பு எப்போதும் அங்கேதான் ஆரம்பிக்கும், வருஷத்துக்கு ஒருமுறை ஒரு குத்தூசியால் குத்திப் பாருங்கள்.

தோட்டத்தில் நிற்கும் சில்வர் ஓக்கைத் தூலமாக்க ஆசை வரும். வேண்டாம், வெளி ஈரத்தில் அது தாங்காது. வைரம் பாய்ந்த தேக்கு, வேங்கை சரி. மற்ற மரமென்றால் அழுத்தத்தில் மருந்து ஏற்றியது வேண்டும். ஐஎஸ் 401 என்ற இந்தியத் தரநிலை அதற்கான விதி. காடி, துளை எல்லாவற்றையும் வெட்டிய பிறகே மருந்துக்கு அனுப்புங்கள். செம்பு கலந்த மருந்து சாதாரண இரும்பை அரிக்கும், ஆகவே ஸ்க்ரூ கால்வனைஸ் செய்ததாக இருக்கவேண்டும். பச்சை மரம் காயும்போது சுருங்கிக் காடி தளர்ந்துவிடும். காய்ந்த மரமே வாங்குங்கள்.

தூலம் எத்தனை, எவ்வளவு கனம் என்று இங்கே சொல்லமாட்டேன். அது வண்டியின் எடையையும் மரத்தையும் பொறுத்தது, கணக்குப் போடும் பொறியாளர் வேண்டும். நம் ஊரின் பாலக் கட்டுமான விதியான ஐஆர்சி 22 எஃகு–கான்கிரீட் கூட்டுக்கானது. மரம்–கான்கிரீட்டுக்கு ஐரோப்பாவின் தொழில்நுட்ப விதியான சிஇஎன்/டிஎஸ் 19103 (2021) உண்டு, அதைப் படித்தவராகப் பாருங்கள்.

மரம் வெளியிலிருந்து வாங்கவேண்டும் என்றால் செலவை ஒருமுறை ஒப்பிடுங்கள். 6 மீட்டருக்கு மிக்சர் மெஷின் வைத்து அங்கேயே வார்க்கும் சாதாரண ஆர்சிசி ஸ்லாப் மலிவாக வரலாம். சொந்த மரத்தை வெட்டுவதென்றால், மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955இன்படி அனுமதி முதலில். ஓடை புறம்போக்கா என்று வருவாய்த் துறையில் கேட்டுவிட்டு அப்புறம் ஆசாரியைக் கூப்பிடுங்கள்.