பணிநீக்க அறிவிப்பும் இரண்டு அறுபது நாட்களும்

தம்பி, சான் ஹோசேக்கு எச்-1பி என்னும் வேலை விசாவில் வந்து நான்கு மாதமே ஆன நிலையில், கலிஃபோர்னியா அரசின் பணிநீக்க அறிவிப்புப் பட்டியலில் மாதந்தோறும் சேரும் பெயர்களைக் கண்டு, மனைவியையும் குழந்தையையும் அழைத்து வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

75 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 30 நாட்களுக்குள் 50 பேரையோ அதற்கு மேலோ நீக்கினால், 60 நாட்களுக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது இம்மாநிலச் சட்டம். எனவே சிறு நிறுவனங்களில் போகும் வேலைகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் ஏறுவதில்லை. மென்பொருள் நிறுவனங்களே செய்தியாகின்றன என்றாலும், மருத்துவமனைகளும் உணவு பதப்படுத்தும் ஆலைகளும் சரக்குக் கிடங்குகளும் அதில் இடம்பெறுகின்றன. மொத்த எண்ணிக்கையைப் பார்த்துக் கலங்க வேண்டாம். பணிநீக்கம் எந்தத் தேதியில் நடைமுறைக்கு வருகிறது என்பதைப் பாருங்கள்.

நம்மவர்கள் பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். அறிவிப்புக்கான 60 நாட்கள் வேறு. வேலை போன பிறகு, வேறு நிறுவனம் மூலம் விசா மனு போடவோ நாட்டைவிட்டுக் கிளம்பவோ விசாவில் இருப்பவருக்குக் கிடைக்கும், அதிகபட்சம் 60 நாள் அவகாசம் வேறு. இந்த இரண்டாவது அவகாசம், பொதுவாகச் சம்பளம் கணக்கிடப்படும் கடைசி நாளுக்கு மறுநாள் தொடங்கும். அறிவிப்புக் காலம் முழுவதும் உங்களைச் சம்பளப் பட்டியலில் வைத்திருந்தால் இரண்டும் அடுத்தடுத்து வரும். அன்றே விலக்கிவிட்டு ஒரு தொகையைக் கையில் கொடுத்தால், அந்தத் தொகை எத்தனை மாதச் சம்பளமாக இருந்தாலும், விசாவின் நாட்கள் உடனே ஓடத் தொடங்கிவிடும். ஆகவே சம்பளம் கணக்கிடப்படும் கடைசி நாள் எது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

2009-ல் எனக்கு வேலை போனபோது இந்த அவகாசம் சட்டத்திலேயே இல்லை. அது 2017-ல்தான் வந்தது. நான் வேலை செய்த நிறுவனம் 60 நாட்கள் சம்பளப் பட்டியலில் வைத்திருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. அதில் முதல் இரண்டு வாரங்களை, வீட்டிலும் சொல்லாமல், காலையில் பையை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போய் வீணாக்கினேன். ஆறாவது வாரம் பழைய நண்பர் ஒருவரிடம் சொன்னேன்; அவர் மூலம் கிடைத்த நிறுவனம், என் கடைசிச் சம்பள நாளுக்கு நான்கு நாட்கள் முன்னர் என் விசா மனுவைத் தாக்கல் செய்தது. முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று அவர் வருந்தியது இன்றும் நினைவில் இருக்கிறது.

குடும்பத்தை அழைத்து வாருங்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேரும்வரை வீட்டுக்கடன் மட்டும் வேண்டாம். வேலை போனால் அலுவலக மருத்துவக் காப்பீட்டைக் கோப்ரா திட்டத்தின்கீழ் 18 மாதங்கள் வரை தொடரலாம், ஆனால் முழுத் தவணையும் நம் கையிலிருந்து போகும். மாநிலத்தின் மருத்துவக் காப்பீட்டுச் சந்தையான கவர்டு கலிஃபோர்னியாவின் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சம்பளச் சீட்டுகளையும் விசா ஒப்புதல் கடிதத்தையும் இந்த வாரமே வீட்டில் பிரதி எடுத்து வையுங்கள். அறிவிப்பு வரும் நாளில் அலுவலகக் கணினி திறக்காமல் போகலாம், புதிய நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் கேட்பதோ அவற்றைத்தான்.